அறுத்துப் பார்த்த ஃபில்டரும் சமயபுரம் போன ஃபில்டரும்

புது ஆயில் ஃபில்டர் ஒன்றை நான் ரம்ப பிளேடால் அறுத்துக்கொண்டிருந்தபோது மல்லிகா பின்வாசலுக்கு வந்தாள். கையில் அரிசி களைந்த தண்ணீர். செம்பருத்திக்கு ஊற்ற வந்தவள் ஊற்றாமல் நின்றாள்.

"அது நேத்து வாங்கிட்டு வந்ததுதானே?"

"ஆமா."

"வண்டியில மாட்டத்தானே வாங்கினீங்க?"

"உள்ள என்ன இருக்குன்னு பாக்கணும்."

"பாத்துட்டு எப்படி மாட்டுவீங்க?"

ஆயில் ஃபில்டரில் உள்ள சங்கடமே அதுதான். நல்லதா கெட்டதா என்பது உள்ளே பார்த்தால்தான் தெரியும். உள்ளே பார்த்துவிட்டால் அது ஃபில்டர் இல்லை, இரண்டு துண்டு தகரம். மல்லிகா என் மனைவி. கல்யாணமான நாளிலிருந்து இந்த மாதிரிக் கேள்விகளை அவள்தான் முதலில் கேட்பாள். தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு உள்ளே போனாள். நான் மிச்சத்தையும் அறுத்தேன்.

சிவப்பு விளக்கு

ஸ்ரீரங்கத்து மேலூர் ரோட்டில் ஒரு தென்னந்தோப்பின் ஓரமாக எங்கள் வீடு. இரண்டு அறை, ஒரு பின்வாசல், அதற்குப் பின்னால் ஜீப் நிற்கும் இடம். நான் ஸ்ரீரங்கத்தில் குடியிருப்பது பெருமாளுக்காக என்று மல்லிகாவின் சொந்தக்காரர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் ஜீப்பை நிறுத்த இவ்வளவு இடம் இந்த வாடகைக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை.

ஜீப் பழையது. நாலு சக்கரமும் இழுக்கிற டீசல் வண்டி. திருச்சி பாலக்கரையில் ஒரு பழைய இரும்புக் கடையில், உடைந்த கிரைண்டர்களுக்கும் கட்டில் கால்களுக்கும் நடுவில் கிடந்தது. அதைத் தட்டிக்கொட்டி ஓட வைத்த கதை தனிக் கதை. ஓட ஆரம்பித்த பிறகு அதுதான் எங்களுக்குச் சோறு போட்டது.

துறையூர் தாண்டி பச்சைமலை ஏறுகிற வேலை. தார் ரோடு முடிகிற இடத்தில்தான் என் பிழைப்பு தொடங்கும். மழை பெய்துவிட்டால் உள் ஊர்களுக்கு வேறு வண்டி போகாது. மரவள்ளி மூட்டை, பலாப்பழம், சிமெண்ட், கல்யாணத்துக்கு வாடகைப் பாத்திரம், காய்ச்சல்காரர்கள், சில சமயம் மணப்பெண் என்று எல்லாமே அந்த ஜீப்பில் ஏறி இறங்கியிருக்கின்றன.

சில வருடங்களுக்கு முன்பு, ஆடி முடிந்த சமயம், காலையில் முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போது ஒரு கோளாறு தொடங்கியது. ஆயில் விளக்கு என்று சிவப்பாக ஒன்று உண்டு. இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அது அணைந்துவிட வேண்டும். அணைந்தால் எண்ணெய் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். என் வண்டியில் அது அணையாமல் முறைத்துக்கொண்டே இருந்தது. இன்ஜினுக்கு மேலே எவர்சில்வர் பாத்திரங்களைப் போட்டு உருட்டுவது மாதிரி ஒரு சத்தம். ஒரு டீயைப் பாதி குடிக்கிற நேரம் கழித்து விளக்கு அணையும், சத்தம் நிற்கும். அதன்பிறகு நாள் முழுக்க ஒன்றும் இருக்காது.

மெக்கானிக் ஒருவர் வந்து கேட்டார். கையைத் துடைத்துக்கொண்டே, பேரிங் போய்விட்டது, இன்ஜினை இறக்கத்தான் வேண்டும் என்றார். இன்ஜினை இறக்கிச் செய்வதற்கு எங்களிடம் வழியில்லை. இறக்க வேண்டும் என்றால் வண்டி வந்த இடத்துக்கே, பழைய இரும்புக்கே போக வேண்டியதுதான்.

எனக்காகக் காத்திருந்த நாற்காலி

மல்லிகாவின் அண்ணன் முருகேசன் நல்லவர். நான் எந்த ஊரிலும் நிலைத்து நிற்பதில்லை என்பதுதான் அவருக்கு என்மேல் உள்ள ஒரே குறை. மெக்கானிக் சொன்னதைக் கேட்டதும் அவர் எனக்கு ஒரு வேலை பார்த்துவிட்டார். கொள்ளிடக்கரைப் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன். யூனிஃபார்ம், விசில், உட்கார நாற்காலி, எல்லாம் அவர்களே கொடுப்பார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

நான் லாரி மேல் தூங்கியிருக்கிறேன். ரயில் நிலையங்களில் தூங்கியிருக்கிறேன். கட்டடம் கட்டுகிற இடத்தில் சிமெண்ட் சாக்கை விரித்துப் படுத்திருக்கிறேன். அதையெல்லாம் கஷ்டம் என்று நினைத்ததில்லை. ஆனால் ஒரே நாற்காலியில் ஒரே கேட்டைப் பார்த்தபடி ஒரு நாள் முழுக்க உட்காருவதை யோசித்தபோது எழுந்து போய் ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தேன்.

மல்லிகா அந்த வேலையை வேண்டாம் என்றும் சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை. அண்ணன் சொன்னதைச் சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

எனக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. பேரிங் போயிருந்தால் சத்தம் சூட்டில் அல்லவா அதிகமாக வேண்டும்? எண்ணெய் இளகின பிறகுதானே வர வேண்டும்? மலை ஏறும்போது வராத சத்தம் காலையில் மட்டும் ஏன் வருகிறது? ராத்திரி முழுக்க எண்ணெய் எங்கே போகிறது?

இந்தக் கடைசிக் கேள்வி பிடித்துக்கொண்டது. கைபேசியில் வீடியோக்களைத் தேடினேன். எங்கோ ஒரு வெளிநாட்டுக்காரர் ஃபில்டர்களை வரிசையாக வைத்து அறுத்துக்கொண்டிருந்தார். அவர் பேசியது பாதி புரியவில்லை. கை செய்தது புரிந்தது. அதுவரை ஃபில்டர் என்றால் கடையில் எது கிடைக்கிறதோ அது என்று இருந்தவன் நான். அப்படித்தான் முந்தின நாள் பாலக்கரையில் வாங்கி வந்ததை அறுத்தேன்.

பாயும் நசுங்கிய டப்பாக்களும்

அறுத்ததை ஒரு பையில் போட்டுக்கொண்டு மறுபடி பாலக்கரைக்குப் போனேன். வண்டிச் சாமான் கடை வைத்திருக்கும் காதர் பாய் எனக்கு ரொம்ப நாள் பழக்கம். துண்டுகளைக் கல்லா மேசையில் பரப்பியதும் அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"என்ன தம்பி, ஆஸ்பத்திரியில மய்யித்தை அறுக்கற மாதிரி அறுத்துட்டு வந்திருக்கீங்க?"

"உள்ள பாருங்க பாய். பேப்பர் ஓரத்துல பசையே பிடிக்கல. கையால இழுத்தா வருது."

அவர் இழுத்துப் பார்த்தார். வந்தது. இத்தனை வருடம் இதை விற்கிறேன், உள்ளே இப்படியொரு பூப்போட்ட பாவாடை மாதிரி மடித்து வைத்திருப்பார்கள் என்று இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றார்.

மற்ற கம்பெனிச் சரக்குகள் உள்ளே எப்படி இருக்கின்றன என்று பார்க்க வேண்டும், ஆனால் எல்லாவற்றையும் வாங்கி அறுக்க என்னால் ஆகாது என்றேன். பாய் பின்கட்டுக்குப் போய், லாரியில் வரும்போது நசுங்கியவை, அட்டை நனைந்தவை என்று சிலவற்றைக் கொண்டு வந்து கொடுத்தார். நல்லதில் இரண்டு கம்பெனிச் சரக்கில் நசுங்காத முழுசு ஒவ்வொன்றையும் எடுத்து வைத்தார். எது தேறுகிறதோ அதற்கு மட்டும் காசு, மற்றதைத் திருப்பிக் கொடுங்கள் என்றார். அதில் ஒரு கம்பெனிச் சரக்கு கடையில் அந்த ஒன்றுதான் பாக்கி இருந்தது.

உயரமான ஒரு டப்பாவையும் காட்டினார். திருகி மாட்டுகிற மரை அதே மரைதான், எண்ணெய் கூடப் பிடிக்கும் என்றார். எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தேன். எண்ணெய் பிடிக்கும், சரி. என் வண்டியில் ஃபில்டர் பக்கவாட்டில் படுத்தாற்போல இருக்கும். நீளமாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மலைப் பாதையில் தெறிக்கிற ஒரு கல் போதும். தார் ரோட்டில் ஓடுகிறவர்களுக்கு அது நல்ல யோசனை. எனக்கு வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

"அறுத்து முடிச்சிட்டு என்கிட்டயும் வந்து சொல்லுங்க தம்பி. அப்பறம் நான் எதைக் கையில எடுத்து நல்ல சரக்குன்னு சொல்றதுன்னு எனக்கும் தெரியணும்ல."

சத்தீஸ்கரில் துவைத்த ஃபில்டர்

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போதும் என்று நான் முடிவு செய்ததைப் பற்றி இந்தத் தொடரில் முன்பே எழுதிவிட்டேன். அதற்குப் பிறகு போர்வெல் லாரியில் சேர்ந்தேன். திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து கிளம்புகிற அந்த லாரிகள் இந்தியா முழுக்கப் போய் பூமியில் ஓட்டை போடும். நாங்கள் போய்ச் சேர்ந்தது சத்தீஸ்கர்.

எங்கள் மேனேஜருக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஃபில்டர்களைத் தூக்கிப் போட மாட்டார். அந்த வண்டியில் உள்ளே இருக்கும் காகிதத்தை மட்டும் தனியாகக் கழற்றலாம். அதை டீசல் வாளியில் முக்கி, துணி அலசுகிற மாதிரி அலசி, வெயிலில் வரிசையாகக் காய வைப்பார். காய்ந்ததைக் காற்றடித்து மறுபடி மாட்டுவோம். வெளியே பார்க்கப் புதுசு மாதிரியே இருக்கும்.

ஒரு மத்தியானம் கம்ப்ரஸர் இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. முதலாளி போனில் இருங்கள், ஆள் அனுப்புகிறேன் என்றார். இருந்தோம். அரிசி தீர்ந்தது. ஊர்க்காரர்கள் பூசணிக்காய் கொடுத்தார்கள். அதை உப்புப் போட்டு வேக வைத்துத் தின்றோம். ஆள் வரவில்லை. ஒவ்வொருவராக நடந்து போய் நெடுஞ்சாலையில் லாரி ஏறினோம். மற்றவர்கள் ஊருக்குப் போனார்கள். நான் நாக்பூர் போய் ஆரஞ்சுப் பெட்டி இறக்கினேன். ஆரஞ்சு வாசனையில் தூங்குவது நன்றாகத்தான் இருந்தது.

அந்த இன்ஜின் ஏன் நின்றது என்று யாரும் திறந்து பார்க்கவில்லை. வெயில் என்றார் ஒருவர். அங்கேயுள்ள டீசல் சரியில்லை என்றார் இன்னொருவர். வாளியில் அலசும்போது அந்தக் காகிதத்தில் இருந்த அழுக்கு எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்குப் போயிருக்கும் என்று யோசிக்க எனக்கு அப்போது தெரியவில்லை. ஸ்ரீரங்கத்துப் பின்வாசலில், துண்டு துண்டாகக் கிடந்த டப்பாக்களுக்கு நடுவில் குந்தியிருந்தபோதுதான் அது மண்டையில் ஏறியது.

உள்ளே இருப்பவை

ஃபில்டரின் வாயைக் கவனித்துப் பாருங்கள். நடுவில் மரை போட்ட ஒரு பெரிய துளை. அதைச் சுற்றிச் சின்னத் துளைகள். அழுக்கு எண்ணெய் சின்னத் துளைகள் வழியாக உள்ளே போகிறது. மடிப்பு மடிப்பாக இருக்கும் காகிதத்தைக் கடந்து நடுக் குழாய்க்கு வருகிறது. அங்கிருந்து பெரிய துளை வழியாகச் சுத்தமாக இன்ஜினுக்குப் போகிறது. நான் அதுவரை எல்லாவற்றையும் தலைகீழாக நினைத்திருந்தேன். பெரிய துளைதான் வாசல், சின்னத் துளைகள் கொல்லைப்புறம் என்று.

சின்னத் துளைகளை உள்ளிருந்து மூடியபடி ஒரு ரப்பர் வட்டம் இருக்கிறது. எண்ணெய் அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரலாம், திரும்பிப் போகக் கூடாது. கீழே ஸ்பிரிங் வைத்த ஒரு மூடி. காகிதம் அடைத்துக்கொண்டால் அது திறந்து எண்ணெயை வடிகட்டாமலே அனுப்பிவிடும். இன்ஜின் காய்ந்து போவதைவிட அழுக்கு எண்ணெய் மேல் என்ற கணக்கு.

முதலில் அறுத்த மலிவுச் சரக்கில் ரப்பர், சைக்கிள் ட்யூபில் வெட்டிய ஒட்டு மாதிரி இருந்தது. ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில் வளைத்த தகரம். அடுத்த கம்பெனியில் காகிதம் நெருக்கமாக, ஒழுங்காக இருந்தது. ரப்பர் கறுப்பு, கொஞ்சம் கெட்டி. மூன்றாவது கம்பெனியின் தகரமே கனமாக இருந்தது. கட்டை விரலால் அழுத்தினால் பள்ளம் விழவில்லை. உள்ளே ரப்பர் ஆரஞ்சு நிறத்தில், காது மடல் மாதிரி மெத்தென்று இருந்தது. பாய் முழுசாகக் கொடுத்தது இந்த இரண்டு கம்பெனியிலும் ஒவ்வொன்று.

கடைசியாக என் வண்டியில் இருந்த பழையதைக் கழற்றி அறுத்தேன். அதன் ரப்பர் அப்பளம் மாதிரி விறைத்திருந்தது. வளைத்தேன், உடைந்தது.

ராத்திரி எண்ணெய் எங்கே போகிறது என்பது தெரிந்துவிட்டது. படுத்திருக்கிற ஃபில்டரிலிருந்து விறைத்த ரப்பரைத் தாண்டி அத்தனையும் கீழே வடிந்திருக்கிறது. காலையில் காலி டப்பா நிரம்பும்வரை இன்ஜின் எண்ணெய் இல்லாமல் தவித்திருக்கிறது. எழுந்து ஒரு பீடி பற்ற வைக்கலாம் என்று நினைத்தபோது டப்பாவின் அடியில் ஒன்றைப் பார்த்தேன். கறுப்பு எண்ணெயில் பொடிப்பொடியாக மினுமினுப்பு. உலோகத் தூள். மெக்கானிக் சொன்னது இதைத்தான். பேரிங் தேய்ந்து எண்ணெயில் வந்தால் இப்படித்தான் மினுங்கும்.

பீடியைப் பற்ற வைக்கவில்லை.

ஃப்ரிட்ஜ் காந்தம்

அன்று சாயந்தரம் அடுக்குமாடியின் செயலாளர் சௌந்தரராஜன் சார் வந்தார். எனக்கு வேலை கொடுக்கப்போகிறவர் அவர்தான். கல்லூரி ஒன்றில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். நெற்றியில் பளிச்சென்று திருமண், கையில் குடை. வேலைக்கு வருகிறேனா இல்லையா என்று கேட்டுப்போக வந்தார். கேட்கவில்லை. நான் பரப்பி வைத்திருந்ததைப் பார்த்துக் குடையைச் சாத்திவிட்டுக் குந்திவிட்டார்.

"இதெல்லாம் என்ன? எதுக்கு அறுத்துண்டிருக்கேள்?"

சொன்னேன். காகிதத்தின் கண் எவ்வளவு பொடியாக இருக்கிறதோ அவ்வளவு நல்லதுதானே என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அவரே தலையை ஆட்டினார்.

"இல்லை. காப்பிப் பொடியை ரொம்ப நைஸா அரைச்சுட்டா டிகாக்‌ஷன் இறங்கவே இறங்காது. ஆத்துல பொறுமை இல்லாதவா யாராவது ஸ்பூனால ஒரு குத்து குத்துவா. கடகடன்னு இறங்கும், வண்டலோட."

"அந்த ஸ்பூன்தான் சார் இது" என்று ஸ்பிரிங் மூடியைக் காட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அழுத்தினார், விட்டார். மறுபடி அழுத்தினார்.

பழைய டப்பாவின் அடியிலிருந்த மினுமினுப்பையும் காட்டினேன். இன்ஜின் போய்விட்டது சார் என்றேன். அவர் என்னைப் பார்த்தார்.

"எதால அறுத்தேள்?"

"ரம்ப பிளேடு சார்."

எழுந்து ஸ்கூட்டரில் போனார். திரும்பி வரும்போது ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுகிற ஓர் ஆப்பிள் பொம்மையைக் கொண்டு வந்தார். அதன் முதுகில் காந்தம். ஒரு பாலிதீன் பையில் அதைச் சுற்றி எண்ணெய்க்குள் விட்டுத் துழாவினார். மினுமினுப்பு அத்தனையும் ஆப்பிளின் மேல் வந்து ஒட்டிக்கொண்டது. எண்ணெய் வெறும் கறுப்பாகிவிட்டது.

"பேரிங்கோட உலோகம் காந்தத்துல ஒட்டாது. இது உங்க பிளேடும் டப்பாத் தகரமும்."

"அப்ப இன்ஜின் நல்லாருக்கா சார்?"

"அது எனக்குத் தெரியாது. இதை வச்சு அது கெட்டுப்போச்சுன்னு சொல்லப்படாது. அவ்வளவுதான் தெரியும்."

கிளம்பும்போதுதான் அவருக்கு வந்த காரியம் நினைவு வந்தது. திங்கட்கிழமை சொல்லிவிடுங்கள் என்றார். பிறகு, மாட்டும்போது நானும் பார்க்கலாமா என்று கேட்டார்.

வண்டிக்குப் பதிலாக

ஆரஞ்சு ரப்பர் வைத்த ஃபில்டரைத்தான் மாட்டுவது என்று முடிவு செய்தேன். அதை அட்டைப் பெட்டியோடு டிவி பக்கத்தில் வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை எண்ணெய் வாங்க பஸ்ஸில் மணப்பாறை போனேன். அங்கே லாரியில் என்னோடு வேலை பார்த்த பழைய நண்பர் ஒருவர் எண்ணெய்க் கடை வைத்திருக்கிறார். ஞாயிறும் திறந்திருப்பார். தூக்குக் கேனோடு திரும்பி வந்தபோது பிற்பகல். டிவி பக்கத்தில் ஃபில்டரைக் காணோம். மல்லிகாவையும் காணோம்.

சௌந்தரராஜன் சார் சொன்னபடி வந்து காத்திருந்தார். மல்லிகா மஞ்சள் புடவையும் ஒயர் கூடையுமாக வந்து சேர்ந்தாள். கூடையில் உடைத்த தேங்காய், வாழைப்பழம். அதன் நடுவில் வாழை இலையில் உட்கார்ந்திருந்தது என் ஃபில்டர். டப்பாவைச் சுற்றிச் சந்தனம், பொட்டு. வாயில் ஒரு செவ்வரளிப் பூ. பூவை எடுத்தேன். நடுத்துளை நிறையக் குங்குமம்.

"இதை எங்க கொண்டு போனே?"

"சமயபுரத்துக்கு. வண்டியைக் கொண்டு போய்ப் பூஜை போடலாம்னா, அது நகரக் கூடாதுன்னீங்க. சரி, வண்டிக்குள்ள போறதையாவது கொண்டு போவோம்னு போனேன்."

"நடு ஓட்டையில யாரு குங்குமம் போட்டது?"

"நான்தான் போடச் சொன்னேன். வாசல்ல வண்டிப் பூஜை போடறவரு, மேல பொட்டு வச்சாப் போதும்மான்னாரு. மேல வச்சா துடைச்சிடுவீங்க. உள்ள போட்டாத்தானே வண்டிக்குச் சேரும்?"

அவள் சொன்னதில் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியவில்லை. வண்டிக்குச் சேரும், அதுதான் பிரச்சினை. பாயின் கடை ஞாயிறு அடைப்பு. அந்தக் கம்பெனியில் அவரிடமும் வேறு இல்லை. விடிந்தால் திங்கள். துறையூரில் உள் ஊர் ஆட்கள் மூட்டைகளோடு காத்திருப்பார்கள். அவர்களிடம் வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். வண்டி ஓடுமா என்று தெரியாமலே சொல்லியிருந்தேன்.

வாயால் சொல்லிப் புரிய வைக்க முடியாது என்று தோன்றியது. அறுத்து வைத்திருந்த துண்டுகளை எடுத்தேன். எண்ணெயில் சிட்டிகை குங்குமத்தைக் கலந்து காகிதத்தின் வெளிப்பக்கம் ஊற்றினேன். எண்ணெய் மெல்ல இறங்கிப் போனது, சிவப்பு மட்டும் காகிதத்திலேயே நின்றது. இன்னொரு துண்டில் நடுக் குழாயில் ஊற்றினேன். கீழே விரித்திருந்த செய்தித்தாளில் சிவப்பாக வந்து விழுந்தது.

மல்லிகா இரண்டையும் உற்றுப் பார்த்தாள்.

"அப்ப அம்மன் குங்குமத்தை எதுவும் தடுக்காது. நேரா இன்ஜினுக்குப் போயிடும்."

"ஆமா."

"நல்லதுதானே?"

சார் தென்னைமரத்தைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. பிறகு உடைந்த கண்ணாடித் துண்டு ஒன்றைத் தேடி எடுத்து, அந்தக் குங்குமத்தில் கொஞ்சம் தூவி விரலால் தேய்த்தார். அவளையும் தேய்த்துப் பார்க்கச் சொன்னார். நறநறவென்றது. இது சன்னிதியில் கொடுத்ததா என்று கேட்டார். இல்லை, பூஜை போட்டவர் தன் தட்டில் வைத்திருந்தது என்றாள். இன்ஜினுக்குள் இரண்டு உலோகம் இவ்வளவு நெருக்கத்தில் உரசிக்கொண்டு சுற்றும், நடுவில் இந்த நறநறப்பு போனால் தாங்காது என்று அவர் சொன்னார்.

டீசல் விட்டு அலசிவிடலாமா என்றும் அவரே கேட்டார். நான் சத்தீஸ்கர் கதையைச் சொன்னேன். அது பழசு, இது புதுசு, அங்கே நடந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார். இருக்கலாம். ஆனால் எல்லாமும் வெளியே வந்துவிட்டதா என்று பார்க்க மறுபடி அறுக்கத்தானே வேண்டும்? இரண்டு பேரும் அந்த டப்பாவை மாற்றி மாற்றி வாங்கித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தோம். பூஜை போட்ட சாமானை ஒதுக்கி வைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாருக்கும் வரவில்லை.

"இன்னொண்ணு முழுசா இருந்துச்சே" என்றாள் மல்லிகா.

"இருக்கு. ரப்பர் கொஞ்சம் கெட்டி. இவ்வளவு நல்லதில்ல."

"அதை மாட்டுங்க. வண்டி ஓடணும்னு வேண்டிக்கிட்டேன். இந்த டப்பா ஓடணும்னு வேண்டிக்கல."

பூவை மறுபடி அதன் வாயில் வைத்து, உள்ளே எடுத்துப்போய் சாமி அலமாரியில் வைத்தாள்.

கறுப்பு ரப்பர் ஃபில்டரை எடுத்தேன். வாய் விளிம்பு ரப்பரில் விரலால் எண்ணெய் தடவினேன். வண்டியில் ஃபில்டர் உட்காரும் இடத்தைத் துணியால் துடைத்து, பழைய ரப்பர் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். சின்னத் துளைகள் வழியாக மட்டும் எண்ணெய் ஊற்றி நனைய விட்டேன். கையாலேயே முறுக்கி, பிடித்த பிறகு இன்னும் கொஞ்சம் முறுக்கினேன். ஸ்பேனர் போடவில்லை. பழைய எண்ணெயை வடித்துவிட்டு மணப்பாறை எண்ணெயை ஊற்றினேன். ஸ்டார்ட் செய்து நிறுத்தினேன். விளிம்பில் கசிவு இருக்கிறதா என்று சார் கைபேசி வெளிச்சத்தைக் காட்டினார். அந்த முதல் ஓட்டத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ராத்திரி முழுக்க நின்று, காலையில் என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி.

சார் கிளம்பினார். மல்லிகா பிரசாதத் தேங்காயைக் கொடுத்து அவரை ஸ்கூட்டர் வரை அனுப்பிவிட்டு வந்தாள்.

திங்கட்கிழமை

விடிந்ததும் போய் உட்கார்ந்தேன். சாவியைப் போட்டதும் சிவப்பு விளக்கு எரிந்தது. எரியத்தான் வேண்டும். மல்லிகா வந்து பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டாள். கையில் தூக்குச்சட்டி இருந்தது. இத்தனை வருடத்தில் அவள் அந்த மலைக்கு வந்ததே இல்லை.

சாவியைத் திருப்பினேன். இன்ஜின் இருமி ஓடத் தொடங்கியது. விளக்கு ஒருமுறை தயங்கி, அணைந்தது. பாத்திரச் சத்தம் வரவில்லை. தென்னையில் ஓர் அணில் கத்தியது கேட்டது. அதுவரை காலையில் அணில் கத்துவதை அந்த வண்டியில் உட்கார்ந்து நான் கேட்டதில்லை.

கொள்ளிடம் பாலத்தில் போய்க்கொண்டிருந்தபோது மல்லிகாவின் போன் அடித்தது. முருகேசன். பதில் சொல்லியாகிவிட்டதா என்று அவர் கேட்பது இன்ஜின் சத்தத்தையும் மீறி எனக்குக் கேட்டது.

"சொல்லியாச்சுண்ணே" என்றாள். "வேற ஆளப் பாத்துக்கங்கன்னு சார்கிட்ட நேத்து சாயந்தரமே சொல்லிட்டேன்."

அவர் ஏதோ சத்தம் போட்டார். அப்புறம் பேசுகிறேன் என்று அவள் வைத்துவிட்டாள்.

நேற்று சாயந்தரம் என்றால் ஃபில்டர் மாட்டி முடித்த நேரம். விளக்கு அணையுமா என்று எனக்கும் தெரியாது, சாருக்கும் தெரியாது. கியரை மாற்றிவிட்டு அவளைப் பார்த்தேன்.

"நேத்தே எப்படிச் சொன்னே? காலையில ஓடாம போயிருந்தா?"

அவள் தூக்குச்சட்டியை மடியில் சரியாக வைத்துக்கொண்டாள்.

"அம்மன்கிட்ட வண்டி ஓடணும்னு கேட்டுட்டு வந்து, அந்தப் பக்கம் நாற்காலியையும் பிடிச்சு வச்சுக்கிட்டா, அவ என்ன நினைப்பா?"

ரோடு பிரிகிற டோல்கேட் வந்தது. சமயபுரம் இருக்கும் திசையைப் பார்த்து அவள் ஒரு கும்பிடு போட்டாள். நான் துறையூர் ரோட்டில் திருப்பினேன்.